கரையில் ஒரு கல்யாண வீடு

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் வாலிநோக்கத்தில், படுத்துத் தூங்க வசதி செய்த எங்கள் வண்டியை நிறுத்திய முதல் ராத்திரி. எட்டரை மணி இருக்கும். ஒரு பெரியவர் வந்து கதவைத் தட்டினார். தோளில் துண்டு, கையில் அணைத்து வைத்த டார்ச். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கல்யாண வீடா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த லைட்டக் கொஞ்சம் அமத்துங்க. விடியக்காலம் வள்ளம் வரும். கரையில இருக்குற வெளிச்சத்த வச்சுத்தான் கரை பிடிப்பாக. நேத்து இல்லாத வெளிச்சம் இன்னைக்கு இருந்தா குழம்பிப்போவாகள்ல?"

அமத்தினேன். கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மகள் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டாள். கண் பழகப் பழக முதலில் அலை உடையும் வெள்ளைக் கோடு தெரிந்தது, அப்புறம் பனைகளின் தலைகள், அப்புறம் தூரத்தில் கடலுக்குள் ஊசிமுனை போல ஒரு படகு விளக்கு. இதைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தோம். வந்து, கதவைத் திறந்து போட்டு, உள்ளே பளீரென்று விளக்கைப் போட்டு, கடல் பக்கம் ஒன்றுமே தெரியாமல் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

எங்கள் வண்டி பழைய டெம்போ டிராவலர். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கை, ஒரு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, நூறு ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் பேட்டரி ஒன்று என்று ஒரு பாடி கட்டும் பட்டறையில் கொடுத்து மாற்றிய வண்டி. மர வேலையைக் குறை சொல்ல முடியாது. விளக்கு விஷயத்தில் மட்டும் அந்தப் பட்டறைக்காரர் ஆம்னி பஸ்ஸை மனதில் வைத்துக்கொண்டு செய்துவிட்டார். கூரையின் இரண்டு ஓரமும் சேர்த்து ஐந்து மீட்டர் வெள்ளை எல்.இ.டி. பட்டை. நடுவில் நான்கு ஹாலோஜன் உருண்டை விளக்குகள். போதாததற்கு, இன்வெர்ட்டரில் ஓடும் இருபது வாட் டியூப்லைட் ஒன்று. டெலிவரி எடுத்த அன்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பட்டறையில் பகலில் பார்க்கிற வெளிச்சத்துக்கும் கடற்கரையில் ராத்திரி பார்க்கிற வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது பணம் கொடுத்த பிறகுதான் தெரிகிறது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. ராத்திரி இரண்டு தடவையாவது எழுந்திருப்பார். எழுந்து சுவிட்சைப் போட்டால் போதும், எல்லோரும் எழுந்துவிடுவோம். ஒரே சுவிட்ச், இரண்டு ஓரப் பட்டையும் சேர்ந்து எரியும். அம்மாவுக்குக் கண் கூசி, கட்டிலுக்குக் கீழே செருப்பைத் தேடுவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிடும். அணைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அந்தக் கூச்சத்தில் படி தெரியாது. இரண்டாவது பயணத்தில் அம்மா சுவிட்சைத் தொடுவதையே விட்டுவிட்டார், இருட்டிலேயே தடவித் தடவிப் போனார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பூச்சி வேறு. வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம். பூச்சிக்கு அது பிடிக்கும். மழைக்குப் பிந்திய ஒரு மாலையில் அரியமான் பக்கம் தென்னந்தோப்பு ஒன்றில் நின்றபோது, சாம்பாரில் ஈசல் மிதந்ததை என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுவாள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் காட்டும் க்ளாம்ப் மீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் உட்கார்ந்தேன். முதலில் காகிதத்தில் கணக்கு: பட்டை மீட்டருக்கு 14.4 வாட், ஐந்து மீட்டருக்கு 72. ஹாலோஜன் நான்கு, பத்துப் பத்து வாட், 40. டியூப்லைட் 20. இன்வெர்ட்டர் தன் பங்குக்குத் தின்பது ஒரு பத்து. ஆக 142 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 12 ஆம்பியர். ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும், அதனால் நூறில் நமக்குக் கிடைப்பது ஐம்பதுதான். மணிக்குப் பன்னிரண்டு போனால் நாலு மணி நேரம். அதிலும் மின்விசிறி ஓட வேண்டும், போன் சார்ஜ் ஏற வேண்டும். விடிய ஐந்து மணிக்கு விசிறி முனகிக்கொண்டே நின்றுபோனதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. நான் பேட்டரி மேல் பழி போட்டு, அதைவிடப் பெரியதற்கு விலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீட்டரில் பார்த்தால் பட்டைக்கு ஆறு ஆம்பியர் வரவில்லை, நாலு சொச்சம்தான் காட்டியது. அட, கணக்கை விடக் குறைவு, நல்லதுதானே என்று நினைத்தேன். நல்லது இல்லை. அது ஏன் என்று காக்கா வந்துதான் சொன்னார்.

காக்கா கீழக்கரைக்காரர்; அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மண்டபம் ஊரில் விசைப்படகுகளுக்கு வயரிங் செய்கிறவர். இன்ஜின் ஸ்டார்ட்டர், ஜி.பி.எஸ்., வயர்லெஸ், கொடிமர விளக்கு என்று பேட்டரியில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நண்பர் ஒருவர் மூலம் பழக்கம். வீட்டு எலெக்ட்ரீசியன்கள் இருவரிடம் கேட்டுப் பார்த்திருந்தேன். இரண்டு பேருமே, "இன்னும் ரெண்டு லைட் சேர்த்துப் போட்ருவோமா சார்" என்றுதான் ஆரம்பித்தார்கள். காக்கா ஒரு விளக்கைக் கூடப் போட்டுப் பார்க்கவில்லை. கூரைப் பலகையின் திருகுகளைக் கழற்றச் சொன்னார்.

பலகை இறங்கியதும் உள்ளே இருந்ததைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு வயரை விரல் நுனியில் தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, இது வயரு இல்ல, நூலு. இதுல போயி ஆறு ஆம்பியர ஓட்டச் சொல்லிருக்காய்ங்க."

அரை ஸ்கொயர் எம்.எம். வயர். பேட்டரியிலிருந்து விளக்குக்குப் போக ஆறு மீட்டர், திரும்ப ஆறு மீட்டர், மொத்தம் பன்னிரண்டு. செம்புதான் என்றாலும் அவ்வளவு மெல்லிசில் அது 0.42 ஓம் தடை. ஆறு ஆம்பியர் ஓடினால் வழியிலேயே இரண்டரை வோல்ட் காணாமல் போகும். 12.4 கிளம்பி 10 கூடப் போய்ச் சேராது. 12 வோல்ட் பட்டையில் மூன்று மூன்று எல்.இ.டி.யாகத் தொடுத்திருப்பார்கள்; 10 வோல்ட் அவற்றை எரிய வைக்கவே திணறும், அதனால் ஆம்பியரும் குறையும். என் மீட்டர் காட்டிய 'சிக்கனம்' இதுதான். வழியிலேயே வோல்ட் கரைந்து, ஆறு ஆம்பியர் இழுக்க வேண்டிய பட்டை நாலு சொச்சத்தில் நின்றிருக்கிறது.

இதற்கு நேர்மாறான கேடு இன்ஜின் ஓடும்போது. ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகையில் பேட்டரி முனையில் 14.4 வரை வரும். 12 வோல்ட் என்று விற்கிற மலிவுப் பட்டைக்கு அது அதிகம். சூடேறி நாளடைவில் மூன்று மூன்றாகச் செத்துப்போகும். எங்கள் பட்டையில் ஆங்காங்கே பல் விழுந்த மாதிரி இருட்டுத் துண்டுகள் இருந்தன. எண்ணிப் பார்த்தால் எல்லாம் மூன்றின் மடங்கு.

இன்னொன்று, மற்ற விளக்குகளின் நெகட்டிவுக்குத் தனி வயரே இல்லை. வண்டியின் தகரத்தில் ஒரு திருகை முறுக்கி, அதையே எர்த்தாக வைத்துவிட்டார்கள். அந்தத் திருகு துருவாகி, தொட்டால் உதிர்ந்தது. ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மங்கும் மர்மம் அங்கே விடுபட்டது. வயர் முனைகளில் பச்சைக் களிம்பு, இன்சுலேஷன் டேப் கோந்து விட்டு வழுக்கிக்கொண்டிருந்தது. விளக்குகளுக்கு ஃபியூஸும் கிடையாது. பேட்டரி முனையில் நேராக முறுக்கி விட்டிருந்தார்கள். படுக்கைக்கு அடியில் மர வேலைக்குள் அரை ஸ்கொயர் வயர், ஃபியூஸ் இல்லாமல். இரண்டு வருடம் அதன் மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறோம்.

நம் கடற்கரை உப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் உப்பளம் போட்டு உப்பு எடுக்கிற காற்று அது. பாம்பனில் 1914இல் திறந்த ரயில் பாலத்தை எத்தனை முறை செப்பனிட்டும் உப்பு விடவில்லை; 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் நின்றது. பக்கத்தில் கட்டி 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பி, தனி வகைப் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு. நம் கூரைக்குள் இருக்கும் செம்பு நூல் எம்மாத்திரம்?

காக்காவின் முதல் நிபந்தனை வயர். வெறும் செம்பு வேண்டாம், வெள்ளீயம் பூசிய செம்பு, ஒன்றரை ஸ்கொயர். படகுக்குப் போடுவது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, அதே கதைதான், களிம்பு ஏறாது. போகவும் வரவும் தனித்தனி வயர், வண்டித் தகரத்தை நம்புவதில்லை. பேட்டரியிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் ஃபியூஸ் பெட்டி, ஒவ்வொரு கிளைக்கும் ஐந்து ஆம்பியர் ஃபியூஸ். "விளக்கு போனா போகுது தம்பி, இருநூறு ரூவா. ஃபியூஸு வயரக் காப்பாத்தத்தான்" என்றார்.

இரண்டாவது, இணைப்பு. நான் சால்டரிங் அயர்னைச் சூடேற்றி வைத்துக்கொண்டு பெருமையாக உட்கார்ந்திருந்தேன். கல்லூரி நாளிலிருந்து எனக்கு ஈயம் வைக்கப் பிடிக்கும். காக்கா அதை ஓரமாகத் தள்ளிவிட்டார். ஆடுகிற வண்டியில் ஈயம் ஊறிய இடம் கல்லாகிவிடும். அது முடிகிற ஓரத்தில் வயர் வளைந்து வளைந்து ஒடியும். அதனால் திம்பிள் (வயர் முனையில் மாட்டுகிற சின்ன உலோகக் குழாய்) போட்டு நசுக்க வேண்டும், அதற்கு மேல் கோந்து உள்ள ஹீட் ஸ்லீவ். அவர் நசுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வயரின் தோலை நகக்கண் அளவு உரிப்பார், இழைகளை முறுக்காமல் நேராகத் திம்பிளுக்குள் விடுவார், கொறடை இரண்டு தடவை அழுத்துவார், உடனே இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழு. கழன்றால் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து. அப்புறம் ஸ்லீவைச் சூடு காட்டுவார். அது சுருங்கிச் சுருங்கி, இரண்டு ஓரத்திலும் தேன் மாதிரி ஒரு சொட்டுக் கோந்து எட்டிப் பார்க்கும்போது நிறுத்துவார். அந்தச் சொட்டு வராவிட்டால் உப்பு உள்ளே போய்விடுமாம். ஒரு நாள் முழுக்க இப்படி நாற்பதுக்கு மேல் இணைப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்கதவுப் பக்கத்தில் இருந்த கடைசிச் சிலவற்றை என்னிடம் விட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்குகளை என் இஷ்டத்துக்கு விட்டார். இங்கேதான் நான் மாதக்கணக்கில் யோசித்ததை எல்லாம் கொட்டினேன். பட்டையை முழுக்கப் பிய்த்தாயிற்று. டியூப்லைட் வீட்டு மாடிக்குப் போனது. கூரையின் நான்கு ஹாலோஜன் கூடுகளை அப்படியே வைத்துக்கொண்டு பல்பை மட்டும் மாற்றினேன், இரண்டு வாட் எல்.இ.டி., 2700 கெல்வின் (விளக்கின் நிறத்துக்கான அளவு), பழைய குண்டு பல்பின் மஞ்சள். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: 10 முதல் 30 வோல்ட் என்று அட்டையில் போட்டிருக்க வேண்டும். அப்படியானால் உள்ளேயே டிரைவர், அதாவது மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னச் சர்க்யூட், இருக்கிறது, பேட்டரி ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம். டிம்மர் ஒன்றும் ஆசைப்பட்டு வாங்கினேன். அந்த டிரைவரோடு அது ஒத்துப்போகவில்லை, பாதிக்குக் குறைத்தால் விளக்கு துடித்தது. தூக்கிப் போட்டுவிட்டு நான்கையும் இரண்டிரண்டாக இரண்டு சுவிட்சில் பிரித்தேன். டிம்மர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு சுவிட்ச் செய்கிறது.

சமையல் மேடைக்கு மட்டும் தனி நியாயம். மண்டபத்தில் ஒரு சாயங்காலம் விளமீன் வாங்கிக்கொண்டு வந்தோம். வாங்கும்போது செவுள் நல்ல சிவப்பு. வண்டிக்குள் பட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த மனைவி, "என்னங்க இது, பழசா?" என்றாள். பழுப்பாக இருந்தது. வெளியே எடுத்துப்போய் அந்தி வெளிச்சத்தில் பார்த்தால் பழையபடி சிவப்பு. மீன்காரம்மாவைத் திட்டியிருப்போம், நல்லவேளை. மலிவு எல்.இ.டி.யில் சிவப்பு சரியாக வராது. நிறத்தை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் உண்டு. சூரிய வெளிச்சத்துக்கு 100. மேடைக்கு 90க்கு மேல் உள்ளதாக, 4000 கெல்வின் பட்டை, அரை மீட்டர். அலுமினியச் சட்டத்துக்குள், பால் நிற மூடி போட்டு, அலமாரியின் அடியில் முன் விளிம்பில். பின்பக்கம் வைத்தால் நம் நிழலே வெங்காயத்தின் மேல் விழும் என்று சொல்வார்கள். இல்லை, அது கூரை விளக்கின் குற்றம். முன் விளிம்பில் வைத்ததற்குக் காரணம், அங்கிருந்துதான் மேடையின் இந்தப் பக்க ஓரம் வரை வெளிச்சம் விழுகிறது.

இந்தப் பட்டைக்கு டிரைவர் கிடையாது என்பதால் 12 வோல்ட்டில் நிறுத்திப் பிடிக்கிற சின்னப் பெட்டி ஒன்று போட்டேன். போட்ட அன்று ரேடியோவில் இலங்கை வானொலி கரகரத்து மூழ்கிப்போனது. ராமேஸ்வரம் பக்கம் போனால் அந்தப் பக்கத்துப் பாட்டைக் கேட்பது அம்மாவுக்கு ஒரு சடங்கு. அந்தப் பெட்டி உள்ளுக்குள் படபடவென்று மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுப்பதன் இரைச்சல் அது. காக்காவுக்குப் போன் செய்தேன். வயரில் இரைச்சலை அடக்குகிற ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்டி, பெட்டியை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தை, சமையல் முடிந்ததும் விளக்கை அணைத்துத் தீர்த்துக்கொள்கிறோம்.

படுக்கைத் தலைமாட்டில் வளைகிற கழுத்துள்ள படிப்பு விளக்கு, ஆளுக்கொன்று. அவ்வளவுதான்.

நான் அதிகம் யோசித்தது மிகச் சின்ன விளக்குக்கு. சிவப்புப் பட்டையிலிருந்து மூன்றே மூன்று எல்.இ.டி. உள்ள துண்டு, ஐந்து சென்டிமீட்டர், கால் வாட். அதை அம்மாவின் கட்டிலுக்கு அடியில், முழங்காலுக்குக் கீழே, தரையைப் பார்க்க ஒட்டினேன். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். வெள்ளை வெளிச்சம் ஒரு நொடி பட்டாலும் பழகியது கலைந்துவிடும். மங்கிய சிவப்புக்கு அவ்வளவாகக் கலையாது. ராத்திரி முழுக்க எரிந்தாலும் பேட்டரிக்குத் தெரியவே தெரியாது. அம்மா முதல் நாள் பார்த்துவிட்டு, "என்னடா, சாமி ரூம் ஜீரோ வாட்ஸ் மாதிரி" என்றார். இப்போது இருட்டில் தடவுவதில்லை. செருப்பு தெரிகிறது, படி தெரிகிறது, நாங்கள் தூங்குகிறோம்.

வெளிக் கதவு விளக்கையும் மாற்றினேன். ஒரு வாட், ஆம்பர் (தேன் மஞ்சள்) நிறம், மேலே மூடி போட்டுக் கீழே மட்டும் விழுகிற மாதிரி. அது பெரியவருக்காக மட்டும் இல்லை. தை, மாசி, பங்குனியில் நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறை முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறது. மணலில் இருந்து வெளியே வருகிற குஞ்சுக்கு ஒரே ஒரு விதிதான் தெரியும், எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம். மனிதன் இல்லாத கரையில் அது கடல். வெள்ளை விளக்கு போட்ட வண்டி நின்றால் அது வண்டி. ஆம்பரையும் சிவப்பையும் அவை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. அந்த மாதங்களில் நான் அதைக் கூடப் போடுவதில்லை, திரையை இழுத்து விட்டுக்கொள்கிறோம்.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் இப்போது 18 வாட், ஒன்றரை ஆம்பியர். ஒன்றாகப் போடுகிற நாளே இல்லை. ஒரு ராத்திரிக்கு மூன்று நான்கு ஆம்பியர் ஹவர் போனால் அதிகம். பெரிய பேட்டரி வாங்குகிற பேச்சு நின்றது. வயர், ஃபியூஸ் பெட்டி, விளக்குகள், காக்காவின் ஒரு நாள் கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிந்தது. மகளுக்கு மட்டும் மனக்குறை. ரிமோட்டில் நிறம் மாறும் பட்டை வேண்டும் என்று கேட்டிருந்தாள், நான் முடியாது என்றேன். பழைய பட்டையில் உயிரோடிருந்த ஒரு முழத்தை வெட்டி அவள் துணி அலமாரிக்குள் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். கதவைத் திறந்தால் எரியும். கல்யாண வீட்டின் மிச்சம்.

போன மாதம் மறுபடி வாலிநோக்கம். கச்சான் காற்று முடிகிற சமயம், வண்டி முழுக்க உப்புப் படலம், கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம். பெரியவர் வரவில்லை. ஆனால் ஆம்பர் விளக்கு இரண்டு தடவை கண் சிமிட்டியது. வேலை முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. காலையில் பின்கதவுப் பலகையைக் கழற்றினேன். காக்கா போட்ட இணைப்பு ஒன்றை வேண்டுமென்றே வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளி போலப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் இருந்தது என்னுடையது. அன்று கோந்து ஸ்லீவ் தீர்ந்துபோயிருந்தது, கடைக்குப் போகச் சோம்பல், ஒரே ஒரு இடம்தானே என்று பெட்டியின் அடியில் கிடந்த பழைய சாதா வயர்த் துண்டைச் சேர்த்து, டேப்பைச் சுற்றிவிட்டிருந்தேன். பிரித்தேன். பச்சை.

வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் திம்பிள் போட்டு நசுக்கினேன், இழுத்துப் பார்த்தேன், ஓரத்தில் சொட்டு வரும் வரை சூடு காட்டினேன். காக்காவிடம் இதைச் சொல்லவில்லை.